பள்ளி, வீடு, தூக்கம்: இதற்கு நடுவில் ஒரு வாழ்க்கை

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒருவருடைய கேள்வி இது. கூடப் படிக்கிறவர்களில் சிலர் மேட்ச் ஆடுகிறார்கள், ஆண்டு விழாவில் நாடகம் போடுகிறார்கள், மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள், எப்போது பார்த்தாலும் கலகலவென்று இருக்கிறார்கள். இவரோ பள்ளிக்குப் போகிறார், வருகிறார், படுக்கிறார். சோர்வு மட்டும் தீருவதே இல்லை. “அவர்களைப் போல இருக்க நான் என்ன செய்ய வேண்டும்? இல்லை, எனக்குப் பிறவியிலேயே அந்தச் சுறுசுறுப்பு இல்லையா?” என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: பொதுத்தேர்வு வருஷத்தில் இதையெல்லாம் ஆரம்பிக்கலாமா?

பல வருஷம் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் முதலில் பிறவிப் பேச்சை முடித்துவிடுகிறேன். நீங்கள் பொறாமையோடு பார்க்கும் அந்தச் சிலருக்குத் தனியாக ஒரு குணம் இருப்பதாக நான் பார்த்ததில்லை. இருப்பது இரண்டு விஷயம். ஒன்று, ஓரளவு ஒழுங்கான தூக்கம். இன்னொன்று, பாடத்துக்கு வெளியே அவர்கள் வராவிட்டால் “எங்கே காணோம்?” என்று யாராவது கேட்கிற ஓர் இடம். அந்த இடம் கபடி டீமாக இருக்கலாம், பாட்டுக் குழுவாக இருக்கலாம், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலையாகக்கூட இருக்கலாம். மற்றதெல்லாம், அதாவது சிரிப்பு, தைரியம், நண்பர் கூட்டம், பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் பின்னால் வருகிறவை. முதலில் சந்தோஷம் வரட்டும், அப்புறம் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் அப்படியே பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் வீட்டில் சண்டை. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்குச் சொல்லப்படுகிற ஏழு மணி நேரம் உங்களுக்குப் போதாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. இருட்டியதும் தூக்கத்துக்குத் தயாராகச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிறு வயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது, சிலருக்கு இந்தத் தள்ளிப்போதல் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் தூக்கம் வராமல் புரளுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமில்லை, அதே பிள்ளையைக் காலையில் எழுப்பும்போது கல்லாகக் கிடக்கிறது என்று திட்டுவதிலும் அர்த்தமில்லை. இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள்.

இதை வெறும் வீட்டுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை, சில இடங்களில் பள்ளி நேரத்தையே மாற்றியிருக்கிறார்கள். பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் கேட்டுக்கொண்டது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றியது. மாணவர்கள் கையில் அசைவைப் பதிவுசெய்யும் கருவியைக் கட்டி முன்னும் பின்னும் அளந்தார்கள். தினமும் சுமார் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். “நேரம் கொடுத்தால் அதையும் போனில்தான் கழிப்பார்கள்” என்று சொன்னவர்களுக்கு அது ஒரு பதில்.

உங்கள் பள்ளி நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். ஆனால் உங்கள் கையில் சில உண்டு. விடுமுறை நாளில் மதியம் வரை தூங்கி ஈடுகட்டாதீர்கள். அப்படிச் செய்தால் உடம்புக் கடிகாரம் இன்னும் பின்னால் போய், வாரத்தின் முதல் பள்ளி நாள் காலை நரகமாகிவிடும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அது போதும். காலையில் எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள், ஜன்னல் ஓரமாவது. காபி, டீ, எனர்ஜி டிரிங்க் எல்லாம் மதியத்தோடு நிற்கட்டும். குடித்த காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மாலை ஆறு மணிக் காபி இரவு பதினொன்றுக்கும் பாதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ‘டாப்பர்கள் காலை நாலு மணிக்கே எழுகிறார்கள்’ என்கிற வீடியோக்களைப் பார்க்கும்போது, அவர்கள் முந்தைய நாள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். எட்டு மணிக்குப் படுத்தவர் நாலு மணிக்கு எழுந்தால் அதில் சாதனை ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்குப் படுத்தவர் நாலு மணிக்கு எழுந்தால், படித்ததை மூளை பதியவைக்கும் நேரத்தை வெட்டிவிட்டுப் படிக்கிறார்.

சரி, இரண்டாவது விஷயம். அந்த ‘எங்கே காணோம்’ இடம்.

பள்ளியில் என்னென்ன உண்டோ அதில் எல்லாவற்றிலும் பெயர் கொடுக்காதீர்கள். வருஷ ஆரம்பத்தில் ஐந்து குழுவில் சேர்ந்து மூன்றாம் மாதத்தில் எதிலும் இல்லாமல் போகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். ஒன்றே ஒன்று போதும், கூடிப்போனால் இரண்டு. எதை எடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரு எளிய அளவுகோல் உண்டு: அது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும், அதே முகங்கள் வர வேண்டும், கடைசியில் ஏதாவது ஒன்று வெளியே வர வேண்டும். மேட்ச், கச்சேரி, கண்காட்சி, சுவரில் ஒட்டுகிற கையெழுத்து இதழ், எதுவாக இருந்தாலும் சரி. வருஷத்துக்கு ஒரு நாள் போட்டியில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கி வருவது இதில் சேராது. சான்றிதழை நான் குறை சொல்லவில்லை, கோப்பில் வையுங்கள். ஆனால் அங்கே யாரோடும் நீங்கள் பழகுவதில்லை, யாருக்கும் நீங்கள் தேவைப்படுவதும் இல்லை.

“எனக்குத் திறமை எதுவும் இல்லையே” என்பதுதான் அடுத்து வரும் பதில். பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எந்தக் குழுவிலும் முன்னால் நிற்கிற வேலைகளைவிடப் பின்னால் இருக்கிற வேலைகள் அதிகம். நாடகத்தில் நடிக்கிறவர்கள் எட்டுப் பேர் என்றால் திரை இழுக்க, விளக்கு போட, மைக் பார்க்க, உடை தைக்க, வசனம் மறந்தால் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க இன்னும் பத்துப் பேர் வேண்டும். கிரிக்கெட் டீமுக்கு ஸ்கோர் எழுத நிதானமான ஒருவர் கிடைப்பது நல்ல பவுலர் கிடைப்பதைவிடக் கஷ்டம். ஸ்கோர் எழுதுகிறவர்தான் ஒவ்வொரு பந்தையும் பார்க்கிறார், ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் முதலில் ஓடி வருவது அவரிடம்தான். பேச்சுக் கூச்சம் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட வேலை பெரிய வரம், ஏனென்றால் பேசுவதற்கு விஷயம் தானாகக் கிடைத்துவிடுகிறது. “ஹாய், எப்படி இருக்கே” என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை, “அந்த வயர் எங்கே போச்சு?” என்று ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் போய் நிற்பதுதான் கடினம், அதை மறுக்க மாட்டேன். எல்லோரும் நம்மையே பார்ப்பது போல இருக்கும். இதற்கு ஒரு சுவாரஸ்யமான பரிசோதனை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் மாணவர்களுக்குக் கூச்சம் தருகிற ஒரு பாடகரின் படம் போட்ட டி‑ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள், 2000இல் அது வெளியானது. போட்டுக்கொண்டு போனவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் தன் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். இது தெரிந்துவிட்டால் கூச்சம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறைக்குள் நுழையும்போது உங்கள் தலைக்குள் ஓடுகிற கணக்கைப் பாதியாகக் குறைத்துப் போடலாம் என்கிற அளவுக்கு உதவும். அங்கே இருக்கிற மற்றவர்களும் அவரவர் சட்டையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போனதும் அசத்த வேண்டியதில்லை. தொடர்ந்து போனால் போதும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில் மோர்லண்ட், பீச் என்ற இரு உளவியலாளர்கள் நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு மாணவிகள் போல அனுப்பினார்கள். ஒருவர் போகவே இல்லை, மற்றவர்கள் முறையே ஐந்து, பத்து, பதினைந்து வகுப்புகளுக்குப் போனார்கள். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவக் கடைசியில் வகுப்பு மாணவர்களிடம் நான்கு பேரின் படத்தையும் காட்டியபோது, அதிக முறை வந்தவரையே அதிகம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். பேசாமல் வந்து உட்கார்ந்ததற்கே இவ்வளவு. ஆகவே முதல் நாலைந்து வாரம் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றினால், நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நட்புக்கும் இப்படித்தான், நேரம் வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி ஹால் இதை மணிக்கணக்கில் அளந்து பார்த்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். பெரியவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு அது, உங்கள் வயதுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று தெளிவு: ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்க்கிற நேரம் வேறு, சேர்ந்து சிரிக்கிற, வெட்டிப் பேச்சுப் பேசுகிற நேரம் வேறு. இரண்டாவது வகை நேரம் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். பயிற்சி முடிந்து சாமான்களை எடுத்து வைக்கிற அந்த இருபது நிமிடம், வீட்டுக்கு நடக்கிற வழி, மேட்சுக்குப் போகிற பஸ். பயிற்சி முடிந்த நொடியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால் பாதிப் பலன் போய்விட்டது.

பத்துப் பேர் கொண்ட கூட்டம் வேண்டும் என்பதும் இல்லை. கலகலப்பாகத் தெரிகிற பிள்ளைகளில் பலர் தனியாக வந்து பேசும்போது “சார், மனசு விட்டுப் பேச ஒருத்தரும் இல்லை” என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவர், இருவர் போதும்.

உடம்பு அசைவது பற்றி. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்ததில், 2016 நிலவரப்படி 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78. ஆகவே நீங்கள் மட்டும் மந்தம் என்று நினைக்க வேண்டாம், ஐந்தில் நாலு பேர் உங்கள் கட்சி. 60 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேகமாக நடந்து பள்ளிக்குப் போவது, இடைவேளையில் ஓடிப்பிடிப்பது, மாலையில் அரை மணி பந்து, எல்லாம் கூட்டுக் கணக்கு. பத்தாம் வகுப்பில் ஓடிப்பிடித்து விளையாடினால் கேலி செய்வார்களே என்றால், செய்யட்டும், ஒரு வாரத்தில் அவர்களும் வந்துவிடுவார்கள். விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாட வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிற பள்ளியாக இருந்தால் அது அந்தப் பள்ளியின் தவறு, அதற்கு ஈடாக வேறு நேரத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏற்கெனவே ஒரு விளையாட்டில் தீவிரமாக இருந்து அதனாலேயே களைத்துப்போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், அந்த விளையாட்டிலிருந்து முழு ஓய்வு வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். விடியற்காலைப் பயிற்சி, பள்ளி, டியூஷன், மாலைப் பயிற்சி என்று ஓடுகிற பிள்ளைக்குச் சுறுசுறுப்பு பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், போய்த் தூங்கு என்றுதான் சொல்வேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். படிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஆனால் மார்க்கிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் படிக்கிற நேரத்தில் கணிசமான பகுதி, ஏற்கெனவே படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதிலும் மஞ்சள் பேனாவால் கோடு போடுவதிலும் போகிறது. செய்யும்போது நன்றாகப் படிப்பது போல இருக்கும், அதுதான் அதன் ஏமாற்று. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவை நான்கு முறை வாசிக்க வைத்தார்கள், இன்னொரு குழுவை ஒரு முறை வாசிக்கவும் மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவில் இருந்தது, நான்கு முறை வாசித்தவர்களுக்கு 40. இத்தனைக்கும் ‘எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் வாசித்தவர்கள்தான்.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடத்தை மட்டும் திறந்து படியுங்கள். அதே பாடத்தை இரண்டு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கும், மூளை எரிச்சல்படும், அது சரியான அறிகுறி. இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மற்ற ஒரு மணி நேரத்தை மைதானத்துக்குக் கொடுக்கலாம், மனசாட்சி உறுத்தாது.

போனைப் பற்றி ஊரே பேசிவிட்டது, நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இரவில் அது படுக்கும் அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். அலாரத்துக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்றால் ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சம்மதிக்க வைப்பது தனிக் கலை. “எனக்கு நாடகத்தில் சேர ஆசை” என்று கேட்டால் பெரும்பாலும் “முதலில் மார்க் எடு” என்றுதான் வரும். வேறு மாதிரிக் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பாசிரியர், எப்படி வீடு திரும்புவேன், அடுத்த தேர்வு வரை முயற்சி செய்து பார்க்கிறேன், மார்க் இறங்கினால் மறுபடி பேசலாம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசினால் பாதிப் பெற்றோர் இறங்கி வருவார்கள். அவர்களுக்குப் பயம் நாடகத்தின் மேல் இல்லை, எல்லை தெரியாத எதன் மேலும் பயம். வீட்டில் சூழ்நிலை அப்படி இல்லை, பள்ளி முடிந்ததும் தம்பி தங்கையைப் பார்க்கவோ வேலையில் உதவவோ ஓட வேண்டும் என்றால், மதிய இடைவேளையில் நடக்கிற எதையாவது பாருங்கள். நூலகம், அறிவிப்புப் பலகை, சதுரங்கம். இருபது நிமிடமானாலும் தினமும் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் சோர்வு, தூங்கினாலும் தீராததாக இருந்தால், பிடித்த விஷயங்கள்கூடப் பிடிக்காமல் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், பசி அல்லது தூக்கம் தலைகீழாக மாறியிருந்தால், குழுவில் சேருங்கள் என்கிற என் யோசனை உங்களுக்கு இப்போது மருந்தாகாது. ரத்தசோகை, தைராய்டு போன்ற எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. மருத்துவரைப் பாருங்கள். பள்ளியில் யாராவது உங்களைத் தொடர்ந்து சீண்டுகிறார்கள் என்றாலும் கதை வேறு. அதை நட்பு பிடிப்பதால் சமாளிக்க முடியாது, நீங்கள் நம்புகிற ஒரு பெரியவரிடம் யார், எப்போது, எங்கே என்ற விவரங்களோடு சொல்லியாக வேண்டும். சொன்ன முதல் ஆள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் சொல்லுங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இன்றைக்கே சொல்லுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

கடைசியாகப் பொதுத்தேர்வு. இந்த வருஷம் எல்லாவற்றையும் விட்டுவிடு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், விட்ட நேரம் படிப்புக்குப் போவதில்லை, கவலைக்கும் போனுக்கும் போகிறது. அதனால் நான் முழுவதும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், அளவைக் குறைக்கச் சொல்வேன். வாரம் மூன்று நாள் என்றிருந்தது ஒரு நாளாகட்டும். ஆடுகிறவர் ஸ்கோர் எழுதுகிறவராக மாறட்டும், நடிக்கிறவர் ஒத்திகைக்கு வசனம் சரிபார்க்கிறவராகட்டும். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் அதுவும் வேண்டாம் என்றால், “இந்தத் தேதி வரை வரமாட்டேன், அடுத்த நாள் வந்துவிடுவேன்” என்று குழுவிடம் தேதியோடு சொல்லிவிட்டு நிறுத்துங்கள், தினசரி நடையையும் தூக்கத்தையும் மட்டும் தொடாதீர்கள். நீங்கள் இப்போதுதான் ஆரம்பிக்கப் போகிறவர் என்பதால் பெரிய டீமுக்குத் தேர்வு நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வாராவாரம் கூடுகிற குழு எது, அதற்குப் பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டு, அவரிடம் “சார், ஆள் தேவைப்படுகிற வேலை ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கத்தில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், இல்லை என்று சொல்கிற பொறுப்பாசிரியரை நான் பார்த்ததில்லை.